மழை எந்தப் பக்கம்? மலைநாட்டுக்கு முதன்முறை வருகிறவர்களுக்கு

ஜூலை மாதம் கொழும்பிலிருந்து பதுளை ரயிலில் ஏறினால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். வட்டவளை, அட்டன், தலவாக்கலை என்று வழியெல்லாம் ஜன்னலை இறக்கி விட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படி ஒரு மழை. நானுஓயாவும் பட்டிப்பொல ஸ்டேஷனும் தாண்டியதும் 1898 மீற்றர் உயரத்தில் ரயில் பாதையின் உச்சி வரும். அங்கே சுரங்கத்துக்குள் நனைந்தபடி நுழைகிற ரயில், பல நாட்களில் அடுத்த வாய் வழியாக வெயிலுக்குள் போய் விழும். பட்டிப்பொல மத்திய மாகாணம், அடுத்த ஸ்டேஷன் ஒஹிய ஊவா மாகாணம். மழைக்கும் அந்த எல்லை ஓரளவு தெரியும்.

நான் வட்டவளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். இப்போது அட்டனில் வீட்டின் இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். போனில் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் ஊரில் மழைக்காலம் எப்போது முடியும்?" எங்கள் ஊரில் அது முடிகிற நேரத்தில் அடுத்த ஊரில் தொடங்கிவிடும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மலைநாட்டுக்கு வர நினைக்கிறவர் மழைக்காலம் எது என்று தேடுவதை விட்டுவிட்டு, மழை எந்தப் பக்கம் என்று கேட்டுப் பழக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை: மாதத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தெரிவு செய்தல்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடலிலிருந்து வரும் மேகம் மேற்குச் சரிவில் மோதி அங்கேயே கொட்டிவிடும். கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், மஸ்கெலியா எல்லாம் அந்தச் சரிவில்தான். வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 1400 மில்லிமீற்றர்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதே மாதங்களில் மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிற காற்றில் ஈரம் இருக்காது. பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, எல்ல பக்கமெல்லாம் வெயிலும் கச்சான் காற்றும்தான். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தனி வாசம் வருவதும் இந்த வறண்ட காற்றால்தான். ஆகவே பள்ளி விடுமுறைக்கு ஓகஸ்டில்தான் வர முடியும் என்றால் கவலை வேண்டாம். அட்டனை ரயில் ஜன்னலில் பார்த்துக்கொண்டு நேராக ஊவாவுக்குப் போங்கள். என் வியாபாரத்துக்கு நட்டம்தான், இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பக்கம் பார்க்கிற கதையே கிடையாது. எல்லா இடமும் மழை, பிற்பகலில் இடி, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஏதாவது உருவானால் இன்னும் மோசம். பிள்ளை குட்டிகளோடு வருகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தையும் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். டிசம்பரில் காற்று வடகீழாக மாறும். இப்போது பதுளையும் எல்லவும் நனையும், எங்கள் பக்கம் மெல்ல வெளிக்கும்.

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இரண்டு பக்கமும் ஓரளவு நல்லது. பகலில் வெயில், இரவில் உதறும் குளிர்; நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி கூட விழும். மார்ச் முதல் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். பூக்காட்சி, குதிரைப் பந்தயம், ஊர் கொள்ளாத சனம், இரண்டு மூன்று மடங்கு அறை வாடகை. அமைதி தேடி வருகிறவர் அந்த மாதத்தில் நுவரெலியாவைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது: நாளைப் பாதியாக வெட்டுங்கள்

வானொலிக்காரர் "பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் அதைக் கேலி செய்வோம். இப்போது என் விருந்தாளிகளின் பயணத் திட்டத்தை அந்த ஒரு வரியை வைத்தே போட்டுக் கொடுக்கிறேன். பார்க்க வேண்டியதையெல்லாம் விடிகாலை ஐந்து முதல் பகல் பன்னிரண்டுக்குள் பார்த்துவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு தேயிலைத் தொழிற்சாலை, கோயில், கடைத்தெரு, தூக்கம். கூரை உள்ள எதுவும் சரி.

ஹோர்ட்டன் சமவெளிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே 'உலக முடிவு' என்கிற விளிம்பில் நின்றால் கீழே 800 மீற்றருக்கு மேல் செங்குத்துப் பள்ளம். காலை ஒன்பது பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவிடும். பிறகு போனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். நுவரெலியாவில் தங்கினால் அதிகாலை ஐந்து மணிக்காவது வண்டி கிளம்ப வேண்டும். உள்ளே சுற்றி வர ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நடை, மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உறைகளை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

சிவனொளிபாத மலைக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். அப்போது நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளில் விளக்கெரியும், வழியெல்லாம் தேத்தண்ணிக் கடை இருக்கும், இரவு இரண்டு மணிக்குக்கூட உங்களோடு நூறு பேர் ஏறுவார்கள். 5000 படிகளுக்கு மேல். ஏறும்போது மூச்சும் இறங்கும்போது முழங்காலும் வாங்கும். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, துணைக்கு அட்டை மட்டும்தான். ஓகஸ்டில் தனியாக ஏறப் போவதாகச் சொன்ன ஒரு தம்பியை நான் மறித்தேன். அவர் கேட்கவில்லை. பாதி வழியில் திரும்பி வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தது என் மனைவி.

பையில் என்ன போடுவது

குடையா மழைக்கோட்டா என்று கேட்பார்கள். ஊருக்குள் குடை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடந்தால் வெளியே மழையும் உள்ளே வியர்வையுமாக இரண்டு பக்கமும் நனைவீர்கள். ஆனால் ஹோர்ட்டன் சமவெளி மாதிரிக் காற்றடிக்கும் வெளியில் குடை ஒரு நிமிடம் தாங்காது. அங்கே தலையோடு மூடும் கோட்டுத்தான். எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கு, தலையையும் முதுகையும் மூடும் கொங்காணி, அவ்வளவுதான் அவருடைய மழைச் சாமான். இடுப்புக்குக் கீழே நனையாமல் இருந்தால் உடம்பு குளிராது என்பார். இது உண்மை. தேயிலைக்குள் நடக்கும்போது மேலே இருந்து விழும் மழையை விடச் செடியில் நிற்கிற ஈரம்தான் உங்களை நனைக்கும்.

குளிர் உடுப்பை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். நுவரெலியாவில் பேல் பஜார் என்று ஒரு கடைத்தொகுதி இருக்கிறது. ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லா எல்லாம் மலிவாகக் கிடைக்கும். பேரம் பேசலாம், பேச வேண்டும். ஆனால் சொக்ஸை மட்டும் நிறையக் கொண்டு வாருங்கள், ஒரு நாளுக்கு இரண்டு சோடி கணக்கில். இங்கே துணி காயாது. மழை நாளில் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும், கூடவே ஒரு வாடையும் வரும். ஜீன்ஸே வேண்டாம், மெல்லிய துணிக் காற்சட்டை போதும். பிடிமானமுள்ள றப்பர் அடி வைத்த பழைய சப்பாத்து நல்லது. பாசி பிடித்த படியில் புதுச் சப்பாத்து வழுக்கும். பைக்குள் ஒரு பெரிய குப்பைப் பையைப் பிரித்து வைத்து அதற்குள் துணியை அடுக்குங்கள். வெளியே போடுகிற உறையை நம்புவதைவிட இது மேல்.

மற்றபடி ஒரு டோர்ச், பவர் பேங்க், கொஞ்சம் உப்பு, ஒரு சித்தாலேப தைல டப்பா. மரம் விழுந்தால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் ஏடிஎம் மெஷினும் படுத்துவிடும். இரண்டு நாள் செலவுக்குக் கையில் காசு வைத்திருங்கள். மலை மறைவில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடித்து, வாயில் ஓர் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டால் கடுகண்ணாவை வளைவுகளையும் ரம்பொடை ஏற்றத்தையும் தாண்டிவிடலாம்.

ரயிலும் ரோட்டும்

மலையில் கிலோமீற்றரை எண்ணினால் ஏமாந்து போவீர்கள், மணியைத்தான் எண்ண வேண்டும். நுவரெலியாவிலிருந்து எல்லவுக்கு அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. மழையும் பனிமூட்டமும் இருந்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரே நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல மூன்றையும் பார்த்து முடிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் அதை மடித்து ஈரச் சப்பாத்துக்குள் திணியுங்கள், ஈரத்தையாவது உறிஞ்சும்.

ரயிலில் முன்பதிவு இருக்கைகள் ஒரு மாதம் முன்பே திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். கிடைக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் அன்றைக்கே டிக்கட் எடுத்து ஏறலாம், இருக்கைக்கு மட்டும் உறுதியில்லை. போயா எனும் பௌர்ணமி தினத்தோடு ஒட்டி வரும் நீண்ட விடுமுறைகளில் அந்த யோசனையே வேண்டாம். நுவரெலியா நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். மிதிபலகையில் நின்று உடம்பை வெளியே நீட்டிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். மழையில் அந்த இரும்புப் படி வழுக்கும், பாறைச் சுவர் ஒரு முழத் தூரத்தில் வரும். படம் வேண்டுமென்றால் தெமோதரைக்கு அருகே 1921 இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் காலையில் நடந்து போய் நிம்மதியாக எடுக்கலாம்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. பழைய நேர அட்டவணையை வைத்துக்கொண்டு புறப்படாதீர்கள். ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது, எந்த ரோட்டில் கனரக வாகனத்தை விடுகிறார்கள் என்று முதல் நாள் தங்குமிடத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள்.

வாடகை வண்டியில் வந்தால் இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்வது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பகல் பனிமூட்டத்தில் எதிரே வரும் விளக்கு மங்கலாகவாவது தெரியும். இரவு மழையில் ரோட்டில் கிடக்கிற கல்லும் மண்ணும் தெரியவே தெரியாது. உள்ளூர் டிரைவர் "அண்ணே, இன்னைக்கு அந்த ரோட்டுல வேணாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள், ஆனால் வாதாடாதீர்கள். அவர் அந்த வளைவைத் தினம் பார்க்கிறவர்.

அறையைப் பார்க்கும்போது மண்ணைப் பாருங்கள்

காட்சி நன்றாகத் தெரியும் அறை என்று விளம்பரம் இருந்தால், அந்தக் காட்சிக்காக மலையை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா? தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா? இதைக் கேட்டால் முதலாளி முறைப்பார். பரவாயில்லை, முறைக்கட்டும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் மழை ராத்திரியில் கதவைத் திறந்து மலையைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். மலை சரிவதற்கு முன் சில அடையாளம் காட்டும்: நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, சாய்கிற மரமும் லைட் கம்பமும், மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, சட்டத்தில் இறுகிக்கொள்ளும் கதவு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெட்டியைக் கட்ட நிற்காமல் வெளியேறுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் கிளம்பத் தயார், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பதை ஒட்டி இந்தப் படிகளை வைத்திருக்கிறார்கள். நீங்கள் தங்கும் ஊர் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வருகிறது என்று வந்த அன்றே கேட்டு எழுதி வையுங்கள். செய்தியில் அந்தப் பெயர்தான் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சுற்றுலா உதவி 1912.

அறைக்குள் பார்க்க வேண்டியது குறைவுதான். சுடுதண்ணீர் உண்டா, படுக்கை விரிப்பு நமுத்துக் கிடக்கிறதா, இரண்டாவது கம்பளி கிடைக்குமா. நுவரெலியாவில் ஏசி இருக்கிறதா என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள்.

அட்டை, குளவி, ஆறு

அட்டைக்குப் பயப்படுகிற அளவுக்கு அது ஒன்றும் செய்யாது. கொழுந்தெடுக்கும் அக்காமார் காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு மலைக்குப் போவார்கள். நீங்களும் அதைச் செய்யலாம், காற்சட்டையைச் சொக்ஸுக்குள் திணித்துக்கொள்ளலாம். கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காதீர்கள். நகத்தால் ஓரத்தில் மெதுவாகத் தள்ளினாலோ ஒரு துளி உப்புத் தண்ணீர் விட்டாலோ விழுந்துவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. கொஞ்ச நேரம் ஒழுகும், கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. தோட்டத்தில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சில சமயம் செத்துப் போவதும் எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. பெரிய மரத்திலும் நீர்வீழ்ச்சிப் பாறையிலும் கூடு தொங்கும். அதன் கீழே சத்தம் போடாதீர்கள், கல்லெறியாதீர்கள், புகை மூட்டாதீர்கள். கிளம்பிவிட்டால் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு உடனே விலகி ஒரு கட்டடத்துக்குள் போங்கள். நிறையக் கொட்டியிருந்தால் தைலம் பூசிக்கொண்டிருக்காமல் 1990 ஐ அழையுங்கள்.

ஆற்றில் குளிப்பது பற்றி: நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகி இலை குச்சி மிதந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கரையேறுங்கள். மின்சாரத்துக்கான அணைகள் நிறைந்த பகுதி இது. லக்சபான, மேல் கொத்மலை என்று ஒவ்வொன்றாக வான்கதவைத் திறக்கிற நாட்களில் சைரன் ஊதும். கீழே பாறையில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறவருக்கு அது கோயில் சங்காகக் கேட்கக் கூடாது.

தமிழ் பேசுகிறவருக்குக் கிடைக்கும் சலுகை

மற்ற வெளியூர்க்காரருக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. பஸ் கண்டக்டர், தேத்தண்ணிக் கடைக்காரர், மலையில் கொழுந்தெடுக்கும் அக்கா, கோயில் ஐயர் என்று பாதிப் பேரோடு தமிழிலேயே பேசலாம். எங்கள் பேச்சு யாழ்ப்பாணத் தமிழும் இல்லை, மதுரைத் தமிழும் இல்லை. இரண்டு மூன்று வாக்கியத்தில் பழகிவிடும். அண்ணே, அக்கா என்று தொடங்குங்கள். "மேல மழை எப்படி?" என்று கேட்டால் எந்தச் செயலியும் தராத வானிலை அறிக்கை கிடைக்கும்.

தேயிலை மலைக்குள் புகுவதற்கு முன் கேளுங்கள். அது தோட்டத்துக்குச் சொந்தமான நிலம், அங்கே நிற்கிறவர்கள் வேலை நேரத்தில் நிற்கிறார்கள். எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் சம்பளமும் குறையும். படத்துக்காக அவர்களை அரை மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஒரு நன்றியோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். "தோட்டக்காட்டான்" என்கிற சொல்லை வேடிக்கைக்கும் பாவிக்காதீர்கள். அது எங்கள் பெற்றோர் மேல் எறியப்பட்ட சொல்.

மழை விடாத பின்னேரத்தில் ஒரு சின்னக் கடையில் ஒதுங்கி, பால் விடாத பிளேன்டியும் சூடான தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் கேளுங்கள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பது எங்கள் பழக்கம்.

கடைசியாக ஒன்று. விமானத்துக்கு முந்தின இரவு மலையில் தங்காதீர்கள். ஒரு நாள் முன்பே இறங்கி நீர்கொழும்பிலோ கொழும்பிலோ படுங்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம் என் வீட்டில் தங்கிய ஒரு குடும்பம், காலை நாலு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போட்டது. கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைபட்டது. ஏழு மணிக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். டிக்கட் காசு போய்விட்டது. அந்த அறைக்கு அன்று வேறு ஆள் வருவதாக இருந்ததால் எங்கள் ஹோலில் பாய் விரித்துக் கொடுத்தோம்.